ஏப்ரலில் எதைப் பார்ப்பது? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

நான் ஃபுளோரிடாவில், டாம்பாவில் வேலை பார்க்கிறேன். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். மகனால் பேஸ்பாலுக்கு வந்தேன். 2023 இல் எங்கள் ஊர் ரேஸ் அணி சீசனின் முதல் 13 ஆட்டங்களையும் வென்றபோது வீடே திருவிழா மாதிரி இருந்தது. அக்டோபரில் பிளே ஆஃபில் டெக்சாஸ் ரேஞ்சர்ஸிடம் இரண்டே ஆட்டத்தில் தோற்று வெளியேறினோம். அத்தனை வெற்றியும் வீண். அதிலிருந்து ஏப்ரலில் அணி ஜெயித்தால் சந்தோஷம் வருவதில்லை, தோற்றால் மட்டும் பயம் வந்துவிடுகிறது. சீசன் தொடக்கத்தை வைத்து ஓர் அணி எப்படிப் போகும் என்று சொல்ல உண்மையிலேயே வழி உண்டா? நீங்கள் அவ்வப்போது பேஸ்பால் பற்றிப் பேசுவதால் கேட்கிறேன்.

குமரன்

அன்புள்ள குமரன்,

ஓரளவுக்கு வழி உண்டு. ஆனால் வெற்றி தோல்விப் பட்டியலை மட்டும் பார்த்தால் கிடைக்காது.

முதலில் அளவைச் சரிசெய்துகொள்வோம். ஐபிஎல் லீக் சுற்றில் பெரும்பாலான ஆண்டுகளில் ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள். மேஜர் லீக் பேஸ்பாலில் 162. அதில் 13 என்பது எட்டு சதவீதம். ஐபிஎல் கணக்கில் ஓர் ஆட்டத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். முதல் ஆட்டத்தை ஜெயித்த அணியைப் பார்த்து கோப்பை இவர்களுக்குத்தான் என்று நாம் யாரும் சொல்வதில்லையே.

அதற்காக உங்கள் அணி செய்ததைக் குறைத்துச் சொல்லவில்லை. 1900க்குப் பிறகு அப்படித் தொடங்கிய அணிகள் இன்னும் இரண்டுதான்: 1982 இல் அட்லாண்டா பிரேவ்ஸ், 1987 இல் மில்வாக்கி புரூவர்ஸ். ரேஸின் முதல் ஒன்பது வெற்றிகளும் நான்கு ரன்னோ அதற்கு மேலோ வித்தியாசத்தில் வந்தவை. பேஸ்பாலில் அது சாதாரண விஷயமே இல்லை. ஆனால் யாரை ஜெயித்தார்கள் என்றும் பாருங்கள். டெட்ராய்ட் டைகர்ஸ், வாஷிங்டன் நேஷனல்ஸ், ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ். நான்குமே அந்த ஆண்டு வெற்றியைவிடத் தோல்வி அதிகமாக முடித்த அணிகள். ஓக்லாந்து 112 ஆட்டங்களில் தோற்றது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. கிரிக்கெட்டிலிருந்து வருகிற நம் கண்ணுக்கு அது சட்டென்று பிடிபடாது. கிரிக்கெட்டில் ஒரு பந்துவீச்சாளர் காயமானால் அவருடைய ஓவர்களை மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். பேஸ்பாலில் ஓர் அணி ஒன்பது முறை பேட் செய்யும், ஒவ்வொன்றும் ஓர் இன்னிங்ஸ். ஆட்டத்தைத் தொடங்கிப் பந்துவீசும் ஸ்டார்ட்டிங் பிட்ச்சர் அந்த ஒன்பது இன்னிங்ஸில் ஐந்தாறை ஒரே ஆளாகச் சுமக்கிறார். அப்புறம்தான் புல்பென் என்கிற மாற்றுப் பிட்ச்சர் கூட்டத்திலிருந்து அடுத்தவர்கள் வருவார்கள். இப்படி ஐந்து பேர் முறை வைத்து வீசுகிறார்கள். அந்த ஐவரில் இருவர் போனால், அடுத்த ஐந்து மாதமும் அணி அந்தப் பள்ளத்தோடுதான் ஆட வேண்டும். நம் சிக்சர் மாதிரி எல்லையைத் தாண்டிப் போகும் ஹோம் ரன்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் சீசன் நடப்பது இந்த ஐவரின் தோளிலும் முழங்கையிலும்தான்.

ரேஸின் 13 ஆவது வெற்றியையே எடுத்துக்கொள்வோம். ஏப்ரல் 13, ரெட் சாக்ஸுக்கு எதிராக ட்ராபிகானா ஃபீல்டில். அன்று வீசியவர் இடக்கைப் பிட்ச்சர் ஜெஃப்ரி ஸ்பிரிங்ஸ். அந்த சீசனில் தான் வீசிய முதல் ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸ் வீசி ஒரு ஹிட்கூடத் தராமல் 12 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தவர், அதாவது பந்தை அடித்து ஓடவே விடாமல் வெளியேற்றியவர். அன்று நான்காவது இன்னிங்ஸில் கைவலியால் வெளியேறினார். அணி பின்தங்கியிருந்து மீண்டு 9-3 என்று ஜெயித்தது. மறுநாள் எல்லாரும் பேசியது சாதனையைப் பற்றித்தான். அந்த மாதம் முடிவதற்குள் ஸ்பிரிங்ஸுக்கு டாமி ஜான் அறுவை சிகிச்சை நடந்தது. முழங்கையில் கிழிந்த தசைநாருக்குப் பதிலாக உடலின் வேறு இடத்திலிருந்து எடுத்த தசைநாணை வைத்துக் கட்டும் சிகிச்சை இது. 1974 இல் டாமி ஜான் என்ற பிட்ச்சருக்கு டாக்டர் ஃபிராங்க் ஜோப் முதன்முதலில் செய்தது. திரும்பி வர ஓராண்டுக்கு மேல் ஆகும்.

மே மாதம் டுரூ ராஸ்முசன் யாங்கீஸுக்கு எதிராக ஏழு இன்னிங்ஸ் ரன்னே தராமல் வீசினார். மறுநாளே காயப் பட்டியலில் போனார். ஆகஸ்டில் ஷேன் மெக்கிளானஹன், அணியின் தலைசிறந்த பிட்ச்சர், அவருக்கும் அதே அறுவை சிகிச்சை. ஆக, அக்டோபரில் நீங்கள் பார்த்தது ஏப்ரலில் பார்த்த அணியே இல்லை. என்னைக் கேட்டால், அந்தப் பருவத்தின் பெரிய செய்தி 13 வெற்றி அல்ல, ஸ்பிரிங்ஸின் முழங்கை.

உங்களை வீழ்த்திய ரேஞ்சர்ஸுக்கும் இதே அடி விழுந்தது. ஐந்தாண்டுக்கு 18.5 கோடி டாலர் கொடுத்து எடுத்த பிட்ச்சர் ஜேக்கப் டிகிராம் ஏப்ரல் கடைசியோடு சரி, ஜூனில் அறுவை சிகிச்சை. ஆனால் வீரர்களை மாற்றிக்கொள்ளும் கெடு முடிவதற்குள் மேக்ஸ் ஷெர்சர், ஜோர்டன் மான்ட்கோமெரி என்ற இரண்டு பிட்ச்சர்களை அவர்கள் வாங்கிவிட்டார்கள். ரேஸும் சும்மா இருக்கவில்லை, கிளீவ்லாந்திலிருந்து ஏரன் சிவாலேயைக் கொண்டுவந்தார்கள். போன மூவருக்கு வந்தது ஒருவர். முதல் பிளே ஆஃப் ஆட்டத்தில் உங்களுக்கு எதிராக ஏழு இன்னிங்ஸ் ரன் தராமல் வீசியவர் அந்த மான்ட்கோமெரிதான். இரண்டு ஆட்டமும் சேர்த்து ரேஸ் எடுத்தது ஒரே ரன்.

தோற்றால் பயம் வருகிறது என்றீர்கள். அதற்கு 2019 வாஷிங்டன் நேஷனல்ஸைச் சொல்ல வேண்டும். மே 23 அன்று அவர்கள் 19 வெற்றி, 31 தோல்வி. அன்று நியூயார்க் மெட்ஸுக்கு எதிராக எட்டாவது இன்னிங்ஸ் வரை முன்னிலையில் இருந்து, கார்லோஸ் கோமஸின் மூன்று ரன் ஹோம் ரன்னில் கோட்டைவிட்டார்கள். அந்தத் தொடரின் நான்கு ஆட்டங்களிலும் தோல்வி. மேலாளர் டேவ் மார்ட்டினஸை நீக்க வேண்டும் என்று ஊரே பேசியது. ஆனால் தோல்விகளைப் பிரித்துப் பார்த்தால் ஓட்டை எங்கே என்று தெரியும். ஷெர்சர், ஸ்டீபன் ஸ்டிராஸ்பர்க், பேட்ரிக் கார்பின் என்று ஆட்டத்தைத் தொடங்குகிறவர்கள் திடமாக இருந்தார்கள். பேட்டர் டிரே டர்னர் விரல் முறிந்து ஆறு வாரம் போல வெளியே இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். கெட்டுப்போயிருந்தது புல்பென். அது நடுவில் சரிசெய்யக்கூடிய பகுதி, ஏனென்றால் ஒரு இன்னிங்ஸ் வீசுகிற ஆளை ஜூலையில் வாங்கிவிடலாம். வாங்கினார்கள். டொரான்டோவிலிருந்து வந்த டேனியல் ஹட்சன்தான் கோப்பைக்கான இறுதிச் சுற்றான உலகத் தொடரின் கடைசி ஸ்டிரைக் அவுட்டை எடுத்தார். 19-31க்குப் பிறகு அந்த அணி 74 வென்று 38 மட்டுமே தோற்றது. ஹியூஸ்டனை ஏழு ஆட்டங்களில் வீழ்த்திக் கோப்பையும் வாங்கியது.

எல்லா மோசமான தொடக்கமும் இப்படித் திரும்பிவிடாது. 2024 இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் முதல் 25 ஆட்டங்களில் மூன்றுதான் ஜெயித்தார்கள். அந்தப் பட்டியல் உண்மையைத்தான் சொன்னது. சீசன் தொடங்குவதற்குச் சில வாரம் முன்புதான் தங்கள் முதன்மைப் பிட்ச்சர் டிலன் சீஸை சான் டியாகோவுக்குக் கொடுத்திருந்தார்கள். கையில் இருந்ததையே கொடுத்துவிட்ட அணியில் எதைச் சரிசெய்வது? 121 தோல்வியோடு முடித்தார்கள்.

எனவே இனி ஏப்ரலில் மகனோடு உட்காரும்போது, ஸ்கோரைப் பார்த்த கையோடு அன்றைய பிட்ச்சர் எத்தனை இன்னிங்ஸ் தாக்குப்பிடித்தார், பந்தின் வேகம் போன ஆட்டத்தைவிடக் குறைந்திருக்கிறதா, ஐவரில் யாராவது ஒரு முறையைத் தவறவிட்டாரா என்று பாருங்கள். தோற்ற ஆட்டம் என்றால் எந்த இன்னிங்ஸில் கைவிட்டுப் போனது என்று பாருங்கள். ஏழுக்குப் பிறகு என்றால் அது பெரும்பாலும் புல்பென்னின் கோளாறு, அவ்வளவு கவலை வேண்டாம்.

ஒன்றே ஒன்றில் உங்களோடு உடன்பட முடியவில்லை. வீண் என்று எழுதிவிட்டீர்கள். அந்த 13ஐக் கழித்துவிட்டால் ரேஸின் மீதிக் கணக்கு 86 வெற்றி, 63 தோல்வி. மூன்று முக்கியப் பிட்ச்சர்களை இழந்த அணி இது. மொத்தம் 99 வெற்றி. தங்கள் பிரிவில் முதலிடம் பிடித்த பால்டிமோருக்கு இரண்டே வெற்றி பின்னால். ஏப்ரலில் அந்த 13 இல் பாதியைத்தான் ஜெயித்திருந்தார்கள் என்றால், செப்டம்பர் கடைசி வரை பால்டிமோரை விரட்டிக்கொண்டு போயிருக்கவே முடியாது.

அன்புடன்.