கனடாவில் ஆளுக்கொரு பண்பாடு என்றால் தேசிய அடையாளம் எங்கே?

கேள்வியிலேயே ஒரு அனுமானம் ஒளிந்திருக்கிறது: முன்பு ஒரே அடையாளம் இருந்தது, குடியேறிகள் வந்து கலைத்துவிட்டார்கள் என்பது. கனடாவில் அப்படி ஒன்று எப்போதும் இருந்ததில்லை. பூர்வகுடிகள், பிரெஞ்சுக்காரர்கள், ஆங்கிலேயர்கள் என்று தொடக்கத்திலேயே பல தரப்பு.

1963-இல் 'இருமொழி, இருபண்பாடு' பற்றி ஆராய அரசு ஒரு ஆணையம் அமைத்தது. "இரண்டுதானா? அப்போ நாங்கள் யார்?" என்று முதலில் உரக்கக் கேட்டவர்களில் மேற்கு மாகாணங்களின் உக்ரைனியர்கள் முக்கியமானவர்கள். அதன் விளைவாக, 1971-இல் பிரதமர் பியர் ட்ரூடோ அறிவித்த பன்முகப் பண்பாட்டுக் கொள்கையில் மொழி இரண்டாகவே நின்றது, பண்பாடு பலவானது. 1988-இல் அது சட்டமானது.

பலர் கவனிக்காத விஷயம், அந்தக் கொள்கை ஆளை அவரவர் போக்கில் விட்டுவிடவில்லை. ஆங்கிலமோ பிரெஞ்சோ கற்க உதவுவதும் அதன் ஒரு பகுதி. இன்றும் குடியுரிமை கேட்கும் 18 முதல் 54 வயதுக்காரர்கள் மொழித்திறனைக் காட்ட வேண்டும், நாட்டைப் பற்றிய தேர்வும் எழுத வேண்டும். வீட்டில் தமிழ் பேசுவதற்கும் இதற்கும் முரண் இல்லை.

சரி, எல்லாரும் ஏற்றுக்கொண்டார்களா? பிரெஞ்சு பேசுபவர்கள் பெரும்பான்மையாக உள்ள கியூபெக் மாகாணம் ஏற்கவில்லை. பிரெஞ்சையும் 'பலவற்றில் ஒன்று' ஆக்கிவிடுவார்களோ என்ற அச்சம் அங்கே உண்டு. அது நியாயமான அச்சம்தான். ஆனால் ஆசிரியர்களும் காவலர்களும் பணியில் மதச் சின்னம் அணியக் கூடாது என்று 2019-இல் அந்த மாகாணம் போட்ட சட்டம், மொழியைக் காப்பதைத் தாண்டி எங்கோ போய்விட்டது என்பது என் கருத்து. தலைப்பாகை கட்டிய ஆசிரியரும் பிரெஞ்சில்தானே பாடம் நடத்துகிறார்?