ஃபேஸ் புல் செய்த மறுநாள் கழுத்து இறுகுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 36. நாள் முழுவதும் கணினி முன் அமர்ந்து வேலை பார்க்கிறேன். முன்னோக்கி வளைந்துவிட்ட தோள்களைச் சரிசெய்வதற்காக, இரண்டு மாதங்களாக ஜிம்மில் கேபிள் மெஷினில், கயிற்றை முகத்தை நோக்கி இழுக்கும் 'ஃபேஸ் புல்' பயிற்சி செய்கிறேன். 15 கிலோவில் தொடங்கி இப்போது 35 கிலோ இழுக்கிறேன். மறுநாள் காலையில் கழுத்து இறுகிப்போகிறது. வலது தோளின் முன்புறம் சுருக்கென்று வலிக்கிறது. நிறுத்திவிட வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் முதலில் என் கண்ணில் பட்டது அந்த 35 கிலோதான். தோளின் பின்புறத் தசை, தோள்பட்டை எலும்புகளை முதுகுத்தண்டை நோக்கி இழுக்கும் நடுமுதுகுத் தசைகள், கையை வெளிப்புறமாகத் திருப்பும், தோள்மூட்டைச் சுற்றியுள்ள ரொட்டேட்டர் கஃப்பின் சிறு தசைகள் ஆகியவற்றுக்கான பயிற்சி இது. அவற்றால் தாங்க முடியாத எடையைக் கொடுத்தாலும் இழுப்பது நின்றுவிடுவதில்லை. கழுத்திலிருந்து தோளுக்கு இறங்கும் டிரபீசியஸ் தசையின் மேற்பகுதி அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. கணினி முன் அமர்ந்திருக்கும்போதே இறுகிக் கிடக்கும் தசை அது. உங்கள் கழுத்து இறுகுவதற்கு இதுவே காரணமாக இருக்கக்கூடும்.

முன்புற வலிக்கு வேறொரு காரணத்தைச் சந்தேகிக்கிறேன். எடை மிகும்போது பலரும் கயிற்றை முகத்துக்குக் கொண்டுவராமல் தாடைக்குக் கீழே இழுத்துவிடுகிறார்கள். அப்போது முழங்கைகள் உயர்ந்தும் கைகள் தாழ்ந்தும் நிற்பதால், மேற்கை எலும்பு உட்புறமாகத் திரும்பி, தோள்மூட்டின் மேலே கூரைபோல் அமைந்த எலும்புக்கு அடியில் செல்லும் தசைநாண் நசுங்க இடமுண்டு. நேரில் பரிசோதிக்காமல் இதை உறுதியாகச் சொல்ல இயலாது.

ஆகவே, வலி அடங்கும்வரை ஒன்றிரண்டு வாரங்கள் இந்தப் பயிற்சிக்கு ஓய்வு கொடுங்கள். பிறகு, 15 முறை இழுத்தாலும் வடிவம் குலையாத எடையில் தொடங்குங்கள். மெஷினின் எடைத் தட்டில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். கப்பிகளின் அமைப்பைப் பொறுத்து, சில மெஷின்களில் அந்த எடையில் பாதிதான் கைக்கு வரும் என்பதால், ஒரு ஜிம்மின் 20 கிலோ இன்னொரு ஜிம்மின் 20 கிலோ ஆகாது.

கப்பியை முக உயரத்திலோ சற்று மேலேயோ பொருத்தி, கட்டைவிரல்கள் உங்களைப் பார்த்திருக்குமாறு கயிற்றின் இரு முனைகளையும் பிடியுங்கள். உடலைப் பின்னால் சாய்த்து இழுக்கும் பழக்கம் இருந்தால் பெஞ்சில் அமர்ந்து செய்வது நல்லது. கயிற்றை இரண்டாகப் பிரிப்பதுபோல் நெற்றியை நோக்கி இழுங்கள்; முடிவில் முஷ்டிகள் காதுகளுக்குப் பக்கவாட்டில், முழங்கைகளைவிடச் சற்று உயரத்தில், கட்டைவிரல்கள் பின்னோக்கியபடி இருக்க வேண்டும். அங்கே ஒரு நொடி நிறுத்தி, தட்டுகள் சத்தமிடாதபடி மெதுவாக விடுங்கள். கண்ணாடியில் காதுமடலுக்கும் தோளுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். இழுக்கும்போது அது குறைந்தால் எடை அதிகம் என்று பொருள். 12 முதல் 15 முறை வீதம் இரண்டு அல்லது மூன்று செட், வாரத்தில் இரண்டு நாட்கள் போதும். படுத்தபடி எடையை மார்பிலிருந்து மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸும் செய்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செய்தால், முன்புற வலி தீரும்வரை அதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் அந்தப் பக்கமாகப் படுக்க முடியாத வலி, கையைத் தூக்குவதில் பலவீனம், விரல்வரை பரவும் மரமரப்பு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் பயிற்சியைத் தொடராமல் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள்மூட்டு இறுகிவிடும் ஃப்ரோசன் ஷோல்டர் வரும் வாய்ப்பு அதிகம். உங்களுக்கு நீரிழிவு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை என்பதால், இன்றே வீட்டில் ஒன்றைச் செய்து பாருங்கள்: முழங்கைகளை விலாவோடு ஒட்டி, செங்கோணத்தில் மடக்கி, இரு முன்கைகளையும் வெளிப்புறமாகத் திருப்புங்கள். வலது கை இடது கையைவிடத் தெளிவாகக் குறைவாகத் திரும்பினால், ஜிம்முக்குப் போவதற்கு முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.