பரீட்சைக்கு மட்டும் மாத்திரையா?

நெல்லிக்குப்பத்துலேருந்து ஒரு அம்மா: பொண்ணுக்கு 19 வயசு, கடலூர்ல காலேஜ். மாசாமாசம் மூணு நாள் சுருண்டு படுத்துடுறா, வாந்தி வேற, அந்த நாள்ல டாய்லெட் போகவே பயப்படுறா. ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. டாக்டர் எழுதின வலி மாத்திரைய பரீட்சை அன்னிக்கு மட்டும் தருவேன். கல்யாணம் ஆனா சரியாயிடும்ங்கிறாங்க மாமியார், வரனும் வந்திருக்கு. எல்லா பொண்ணுக்கும் இருக்கிறதுதானே, பேசி முடிச்சிடலாமா?

கல்யாணத்த அப்புறம் பாக்கலாம்மா. பரீட்சை அன்னிக்கு மட்டும்னு போற போக்குல எழுதிட்டீங்க, எனக்கு அதத் தாண்டி படிக்க மனசு வரல. அப்போ வலி நெசம்னு உங்களுக்கு நல்லாத் தெரியுது, மாத்திரை போட்டா எழுந்து உக்காருவான்னும் தெரியுது, மார்க்கு போயிடும்னா அலமாரியத் தெறந்து எடுத்துக் குடுக்குறீங்க, மத்த மாசம் அவ துடிச்சா பொறுத்துக்கோன்னு பூட்டி வெச்சிடுறீங்க. மார்க்குக்கு இருக்கிற மரியாதை பெத்த பொண்ணு உடம்புக்கு இல்லையா?

லேசான வலி நிறைய பேருக்கு வரும். வாந்தி எடுக்க வைக்கிற வலி, டாய்லெட் போகப் பயப்பட வைக்கிற வலி வேற. எண்டோமெட்ரியோசிஸ்னு ஒண்ணு, கர்ப்பப்பை உள்பக்கத்து சவ்வு மாதிரியே வெளிய சினைப்பையில, குடல் மேல, மூத்திரப்பை மேலன்னு வளர்ந்து அங்கங்க புண்ணாகி ஒட்டிக்கும். பிள்ளை பெக்குற வயசுல 10 பேருக்கு ஒருத்தருக்கு, உலகம் பூரா சுமார் 19 கோடி பேருக்கு இருக்குன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. உங்க பொண்ணு போற காலை பஸ்ல 30 பொண்ணுங்க இருந்தா மூணு பேருக்கு இருக்கலாம்! அவ்ளோ பேருக்கு இருந்தும் கண்டுபிடிக்க 4 வருஷத்துலேருந்து 12 வருஷம் வரைக்கும் இழுக்குது, வீட்டுல எல்லாருக்கும் இருக்கிறதுதான்னு சொல்லிச் சொல்லியே அதுல பாதி போயிடுது. அதுதானான்னு டாக்டர்தான் சொல்லணும். ஆனா ஸ்கேன்ல தெரியலங்கிறத வெச்சு விட்டுடாதீங்க, சினைப்பையில கட்டியா இருந்தா தெரியும், சின்னச் சின்னதா ஒட்டியிருக்கிறது பல நேரம் சிக்காது.

கல்யாணம் இதுக்கு மருந்து இல்ல. இந்த நோவு இருந்தா புருஷனோட சேர்றப்பவும் வலிக்கலாம், சிலருக்கு குழந்தை தங்குறதும் தள்ளிப்போகும், அப்போ ஊர் வாய் யாரைப் பேசும்னு உங்களுக்குத் தெரியாதா? நோவோட அனுப்பிட்டு பழிய அவ தலையில விழ விடுறது தாய் செய்ற வேலை இல்லம்மா. வரன் காத்திருக்கட்டும், முடியாதுன்னா போகட்டும்.

கோரிமேடு ஜிப்மருக்கோ மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரிக்கோ, பெண்கள் டாக்டர்கிட்ட போங்க. லெட்டர் பூரா தேடினேன், அவங்க அப்பாவக் காணோம், அவரையும் கூட்டிட்டுப் போங்க, அவர் பொண்ணும்தானே. எந்தெந்த தேதியில வலி, எப்போ வாந்தின்னு எழுதி எடுத்துக்கோங்க. டாய்லெட் விஷயத்த அவ வெக்கப்பட்டு முழுங்கிடுவா, நீங்க முதல்ல சொல்லுங்க. வலி மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, தேவைப்பட்டா வயித்துல சின்னத் துளை போட்டு கேமரா விட்டுப் பண்ற லேப்ராஸ்கோப்பின்னு வழி இருக்கு. அதுவரைக்கும் அந்த மாத்திரை அட்டைய அவ கையிலயே குடுத்துடுங்க, சாப்ட்டுட்டு, டாக்டர் எழுதின அளவுல, வலி ஆரம்பிக்கிறப்பவே போட்டுக்கட்டும்.