இன்டரப்ட் தொலைகிறது என்றால் முதலில் லைனைப் பாருங்கள்

கேள்வி: எக்ஸ்86 கணினிக்கு ஒரு எமுலேட்டரை, அதாவது அந்தக் கணினியை மென்பொருளிலேயே நடித்துக்காட்டும் நிரலை, சொந்தமாக எழுதிவருகிறேன். கட்டளைகளை ஒவ்வொன்றாகப் படித்து இயக்கும் எளிய இன்டர்ப்ரெட்டர்தான். லினக்ஸ் பூட் ஆகிறது. ஆனால் டிஸ்க் கன்ட்ரோலரும் நெட்வொர்க் கார்டும் சிபியுவின் கவனத்தைக் கோரும் 11ஆம் இன்டரப்ட் லைனைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் வேலை வந்தால் சில நிமிடங்களில் டிஸ்க் உறைந்துவிடுகிறது. கெஸ்ட் (எமுலேட்டருக்குள் ஓடும் இயங்குதளம்) ஈஓஐ (இன்டரப்டைக் கவனித்து முடித்ததாகச் சொல்லும் செய்தி) எழுதும்போதெல்லாம் இன்டரப்டை இன்னொரு முறை அனுப்பிப் பார்த்தேன். பூட் முடிவதற்குள்ளேயே 'ஐஆர்க்யூ 11: நோபடி கேர்ட்' (11ஆம் இன்டரப்டை யாரும் கவனிக்கவில்லை) என்று சொல்லி லினக்ஸ் அந்த லைனையே மூடிவிட்டது. சில சமயம் கெஸ்ட் சும்மா இருக்கும்போது தூங்கப்போன சிபியு எழுவதே இல்லை. எமுலேட்டர் ஓடும் நிஜக் கணினியான ஹோஸ்டில் சுமை கூடினால் பழைய கெஸ்ட்களின் கடிகாரம் பின்தங்குகிறது. எங்கே தப்பு?

பதில்: நீங்கள் சொன்ன அறிகுறிகளை வைத்துப் பார்த்தால் உங்கள் கோடில் 'இன்டரப்டை எழுப்பு' என்று ஒரு ஃபங்ஷன் இருக்க வேண்டும். டிவைஸ் அதைக் கூப்பிடும், அது நேராக லோக்கல் ஏபிக்கின் (சிபியுவோடு இருக்கும் இன்டரப்ட் கன்ட்ரோலர்) ஐஆர்ஆரில் (காத்திருக்கும் இன்டரப்ட்களைக் குறிக்கும் ரிஜிஸ்டர்) ஒரு பிட்டை வைக்கும். முதன்முதலாக எமுலேட்டர் எழுதுகிற பெரும்பாலோர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். டைமர், கீபோர்ட் வரை இது ஓடிவிடும். பகிர்ந்த பிசிஐ லைன் வந்ததும் உடைந்துவிடும்.

காரணம் இதுதான். லெவல் வகை இன்டரப்டில் டிவைஸ் எந்தச் செய்தியையும் அனுப்புவதில்லை. 'எனக்கு இன்னும் வேலை இருக்கிறது' என்று லைனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். வேலை முடியும்வரை அந்தப் பிடியை விடாது. நீங்கள் அதை ஒரு நிகழ்ச்சியாக எடுத்துக்கொண்டு, லைன் ஏறிய கணத்தை மட்டும் கவனிக்கிறீர்கள்.

உங்கள் டிஸ்க் உறைவதை மெதுவாக ஓட்டிப் பார்ப்போம். நெட்வொர்க் கார்டு லைனை உயர்த்துகிறது, இன்டரப்ட் போகிறது. லினக்ஸ் அந்த லைனில் பதிந்திருக்கும் ஹேண்ட்லர்களை (இன்டரப்டைக் கவனிக்கும் ஃபங்ஷன்கள்) வரிசையாகக் கூப்பிடுகிறது. டிஸ்க் ஹேண்ட்லர் முதலில் வருகிறது, ஒன்றுமில்லை என்று திரும்புகிறது. அடுத்து நெட்வொர்க் ஹேண்ட்லர் ஓடிக்கொண்டிருக்கும்போது டிஸ்க் தன் வேலையை முடித்து அதே லைனைப் பிடிக்கிறது. லைன் ஏற்கனவே மேலேதான் இருக்கிறது, புதிதாக ஏறவில்லை. நெட்வொர்க் கார்டு தன் பிடியை விட்டாலும் டிஸ்க் பிடித்திருப்பதால் லைன் இறங்காது. கெஸ்ட் ஈஓஐ எழுதுகிறது. நிஜ வன்பொருளில் இந்த இடத்தில் ஐஓ ஏபிக் (டிவைஸ் லைன்களைப் பார்த்து லோக்கல் ஏபிக்குக்கு அனுப்பும் கன்ட்ரோலர்) லைனைத் திரும்பப் பார்த்து, இன்னும் உயர்ந்திருக்கிறது என்று மறுபடி அனுப்பும். உங்கள் கோட் பார்ப்பதில்லை. அதன்பிறகு அந்த லைன் ஒருபோதும் 'ஏறப்போவதில்லை'. டிஸ்க் உறைந்த பிறகு நெட்வொர்க்கும் நின்றிருக்கும், சரிபாருங்கள். நின்றிருந்தால் நோய் இதுவேதான். நெட்வொர்க் மட்டும் தொடர்ந்து ஓடினால், ஒரு டிவைஸ் இறக்கியதும் நீங்கள் லைனையே இறக்கிவிடுகிறீர்கள் என்று அர்த்தம்.

இரண்டாவது முயற்சியில் நீங்கள் நேர் எதிர்ப்பக்கம் போய்விட்டீர்கள்: லைனைப் பார்க்காமலேயே ஒவ்வொரு ஈஓஐக்கும் அனுப்புகிறீர்கள். ஹேண்ட்லர் ஓடும், ஒன்றுமில்லை, ஈஓஐ, மறுபடி ஹேண்ட்லர். இதற்கு முடிவே கிடையாது. லினக்ஸ் ஒவ்வொரு 1,00,000 இன்டரப்டுக்கும் ஒரு கணக்குப் பார்க்கிறது. அதில் 99,900க்கு மேல் யாரும் உரிமை கொண்டாடாவிட்டால் லைனை மூடிவிடும். எப்போதாவது ஒரு வெற்று இன்டரப்ட் போனால் அது கண்டுகொள்ளாது என்பதையும் இந்தக் கணக்கிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

சரி, எப்படித் திருத்துவது? டிவைஸ் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு டிவைஸும் தன் நிலை ரிஜிஸ்டரையும் அனுமதி ரிஜிஸ்டரையும் சேர்த்துப் பார்த்து, இப்போது லைனைப் பிடிக்க வேண்டுமா, வேண்டாமா என்று கணக்கிட வேண்டும். இந்த இரண்டில் எது மாறினாலும் கணக்கைத் திரும்பப் போட வேண்டும். பிசிஐ கமாண்ட் ரிஜிஸ்டரின் 10ஆம் பிட்டை மறக்காதீர்கள். கெஸ்ட் அதை 1 ஆக்கினால் டிவைஸ் லைனைப் பிடிக்கவே கூடாது, ஏற்கனவே பிடித்திருந்தால் விட்டுவிட வேண்டும்.

லைனுக்கு ஓர் எண்ணிக்கை வைத்துக்கொள்ளாதீர்கள். ஒரே டிவைஸ் 'உயர்த்து' என்று இரண்டு முறை சொல்லி 'இறக்கு' என்று ஒரு முறை மட்டும் சொன்னால் எண்ணிக்கை பூஜ்யத்துக்குத் திரும்பாது. டிவைஸுக்கு ஒரு பிட் என்று வையுங்கள். எல்லாப் பிட்டும் பூஜ்யமானால்தான் லைன் இறங்குகிறது.

அடுத்து ஐஓ ஏபிக். ஒவ்வொரு லைனுக்கும் அதில் 64 பிட் பதிவு ஒன்று உண்டு. அதில் 14ஆம் பிட்டுக்கு ரிமோட் ஐஆர்ஆர் என்று பெயர். லெவல் லைனுக்கு உயிர்நாடி இதுதான். லைன் உயர்ந்திருக்கிறது, மாஸ்க் (லைனை மூடிவைக்கும் பிட்) இல்லை, ரிமோட் ஐஆர்ஆர் 0 — இந்த மூன்றும் ஒத்துவந்தால் மட்டும் லோக்கல் ஏபிக்குக்கு அனுப்புங்கள். அது ஏற்றுக்கொண்டதும் ரிமோட் ஐஆர்ஆரை 1 ஆக்குங்கள். லோக்கல் ஏபிக் பக்கத்தில் ஐஆர்ஆர் பிட்டோடு டிஎம்ஆர் பிட்டையும் வையுங்கள். இது லெவல் வகை என்பதற்கு அதுதான் அடையாளம். சிபியு இன்டரப்டை எடுத்துக்கொள்ளும்போது ஐஆர்ஆர் பிட் அழிந்து, சேவையில் இருப்பதைக் குறிக்கும் ஐஎஸ்ஆர் பிட் வரும். ஈஓஐ வரும்போது ஐஎஸ்ஆரில் இருக்கும் மிக உயர்ந்த வெக்டர் (இன்டரப்டின் எண்) அழிகிறது. அந்த வெக்டருக்கு டிஎம்ஆர் பிட் இருந்தால் ஐஓ ஏபிக்குக்குச் சொல்ல வேண்டும். அது அந்த வெக்டர் கொண்ட லெவல் பதிவுகளின் ரிமோட் ஐஆர்ஆரை 0 ஆக்கி, மேலே சொன்ன மூன்று நிபந்தனைகளையும் திரும்பப் பார்க்கும். உங்கள் இரண்டு பிரச்சினைகளும் இந்த 'திரும்பப் பார்க்கும்' என்ற ஓர் இடத்தில் தீர்ந்துவிடும்.

அதே சோதனையைக் கெஸ்ட் பதிவை மாற்றி எழுதும்போதும் செய்யுங்கள். லைன் உயர்ந்திருக்கும்போது மாஸ்க்கை எடுத்தால் உடனே இன்டரப்ட் போக வேண்டும். லைன் ஏறும் கணம் மட்டுமே கணக்கில் வரும் எட்ஜ் வகையில் அப்படியில்லை: மாஸ்க் இருந்தபோது வந்த எட்ஜை ஐஓ ஏபிக் நினைவில் வைத்துக்கொள்ளாது. இன்னும் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. ரிமோட் ஐஆர்ஆரும், 12ஆம் பிட்டான டெலிவரி நிலையும் படிக்க மட்டுமே. கெஸ்ட் எழுதுவதை அவற்றில் ஏற்றாதீர்கள். இன்னொன்று, ஐஓ ஏபிக்கின் பதிப்பு எண் 32க்குக் கீழே இருந்தால் அதற்குத் தனி ஈஓஐ ரிஜிஸ்டர் இல்லை. அப்போது லினக்ஸ் சில இடங்களில் ஒரு தந்திரம் செய்கிறது: பதிவை மாஸ்க் செய்து எட்ஜாக மாற்றி, அப்புறம் லெவலுக்குத் திருப்புகிறது. எட்ஜாக மாறும் கணத்தில் ரிமோட் ஐஆர்ஆர் அழியும் என்று அது நம்புகிறது. நீங்கள் அழிக்காவிட்டால் அந்த லைன் நிரந்தரமாக அடைபட்டுவிடும்.

லோக்கல் ஏபிக்கில் பலர் தவறும் இடம் முன்னுரிமை. வெக்டர் எண்களை நேராக ஒப்பிடாதீர்கள். 16ஆல் வகுத்து வரும் முழு எண்தான் வகுப்பு. ஒப்பிட வேண்டியது அதைத்தான். 49ஆம் வெக்டர் சேவையில் இருக்கும்போது 63 வந்தால் அது காத்திருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டுமே 3ஆம் வகுப்பு. 65 வந்தால் குறுக்கிடலாம். டிபிஆர் (கெஸ்ட் வைக்கும் முன்னுரிமை வரம்பு), ஐஎஸ்ஆரின் மிக உயர்ந்த வெக்டர் ஆகிய இரண்டின் வகுப்புகளில் எது பெரிதோ அதுதான் சிபியுவின் இப்போதைய முன்னுரிமையான பிபிஆரின் வகுப்பு. காத்திருக்கும் வெக்டரின் வகுப்பு அதைவிடப் பெரிதாக இருந்தால்தான் சிபியுவிடம் போகலாம். டிபிஆர் எழுதப்பட்டாலும் இதைத் திரும்பக் கணக்கிடுங்கள். 64 பிட் கெஸ்ட்கள் சிஆர்8 ரிஜிஸ்டர் வழியாகவும் அதை மாற்றும்.

இப்போது தூங்கி எழாத சிபியு. லினக்ஸின் ஓய்வு வழி எஸ்டிஐ (இன்டரப்டை அனுமதி), உடனே ஹெச்எல்டி (தூங்கு) என்ற இரட்டைக் கட்டளையில் முடிகிறது. எஸ்டிஐ இன்டரப்டைத் திறந்துவிட்டாலும், அடுத்த ஒரு கட்டளை முடியும்வரை இன்டரப்ட் உள்ளே வராது என்பது எக்ஸ்86 தரும் வாக்கு. இதைச் செய்யாமல் இரண்டுக்கும் நடுவில் இன்டரப்டைச் செலுத்தினால் என்ன ஆகும்? ஹேண்ட்லர் ஓடி வேலையைத் தயாராக்கி வைக்கும், திரும்பி வந்ததும் சிபியு ஹெச்எல்டியை இயக்கித் தூங்கிவிடும். எழுப்ப வேண்டிய இன்டரப்ட் ஏற்கனவே தீர்ந்துவிட்டது. ஆகவே ஒரு கட்டளை அளவுக்கான தடைக்கொடி ஒன்று உங்கள் இன்டர்ப்ரெட்டரில் கட்டாயம் வேண்டும். ஸ்டாக் செக்மென்டைக் குறிக்கும் எஸ்எஸ் ரிஜிஸ்டரில் எழுதும் மூவ் கட்டளைக்கும் இதே விதிதான்.

டிவைஸ்கள் தனி த்ரெட்டில் ஓடினால் இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். சிபியு த்ரெட் 'ஒன்றும் காத்திருக்கவில்லை' என்று பார்த்த பிறகு, தூங்குவதற்கு முன், டிவைஸ் த்ரெட் ஐஆர்ஆர் பிட்டை வைத்துவிட்டுப் போகலாம். தூங்குபவர் முதலில் 'தூங்கப்போகிறேன்' என்று குறித்துவிட்டு அப்புறம் ஐஆர்ஆரைப் பார்க்க வேண்டும். எழுப்புபவர் முதலில் ஐஆர்ஆரை வைத்துவிட்டு அப்புறம் அந்தக் குறிப்பைப் பார்க்க வேண்டும். நடுவில் முழு மெமரி தடுப்பு தேவை. உங்களுக்கு அதில் தயக்கம் இருந்தால் ஒரு லாக்கும் கண்டிஷன் வேரியபிளும் போதும், வேகம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பின்னாளில் இன்டெலின் விடி-எக்ஸ் போன்ற வன்பொருள் உதவிக்கு மாறினால், செலுத்திய இன்டரப்ட் பாதியில் நிற்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். ஸ்டாக்கில் எழுதும்போது நினைவகப் பக்கம் இல்லாமல் கெஸ்டிலிருந்து எமுலேட்டருக்கு வெளியேற்றம் நேர்ந்தால், ஐடிடி வெக்டரிங் தகவல் புலத்தில் அந்த இன்டரப்ட் இருக்கும். அதை மறுபடி செலுத்தாவிட்டால் ஐஎஸ்ஆர் பிட் மட்டும் நின்றுவிடும். ஹேண்ட்லர் ஓடாததால் ஈஓஐ வராது. அந்த வகுப்பும் அதற்குக் கீழே உள்ளவையும் அடைபடும்.

கடிகாரம் பின்தங்குவது வேறு கதை. ஐஆர்ஆரில் ஒரு வெக்டருக்கு ஒரே பிட்தான். சேவையில் ஒன்று, காத்திருப்பில் ஒன்று, அதற்கு மேல் வந்தவை ஒன்றோடு ஒன்று கலந்துபோகும். உங்கள் த்ரெட்டுக்கு ஹோஸ்ட் கொஞ்ச நேரம் சிபியு தராவிட்டால், அந்த இடைவெளியில் வர வேண்டிய பத்து டிக்குகள் (டைமர் இன்டரப்ட்கள்) ஒன்றாகிவிடும். டிக்குகளை எண்ணி நேரம் பார்க்கும் பழைய கெஸ்ட்கள் அப்போதுதான் பின்தங்குகின்றன. தவறிய டிக்குகளை எண்ணி வைத்து, ஈஓஐ வந்த பிறகு ஒவ்வொன்றாகக் கொடுங்கள். ஆனால் அடுத்தடுத்துக் கொட்டாதீர்கள், கெஸ்டுக்குத் தன் வேலையைச் செய்ய இடைவெளி வேண்டும். சிபியுவுக்குள் இருக்கும் எண்ணியான டிஎஸ்சி மூலம் நேரம் பார்க்கும் புதிய லினக்ஸுக்கு இந்த ஈடுகட்டல் தேவையில்லை. லோக்கல் ஏபிக் டைமரின் 'இப்போதைய எண்ணிக்கை' ரிஜிஸ்டரை நீங்கள் ஒவ்வொரு டிக்குக்கும் குறைத்துவந்தால் அதை நிறுத்துங்கள். தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்து, கெஸ்ட் படிக்கும்போது கணக்கிட்டுக் கொடுங்கள். டைமரின் வகுப்பான் ரிஜிஸ்டரில் 0, 1, 3 ஆகிய பிட்கள்தான் மதிப்பைத் தருகின்றன, 2ஆம் பிட் சேராது. மூன்றுமே 1 ஆக இருந்தால் 1ஆல் வகுக்க வேண்டும், 128ஆல் அல்ல.

பழைய இன்டரப்ட் கன்ட்ரோலர் சிப்பான 8259ஐயும் எமுலேட் செய்கிறீர்கள் என்றால், சிபியு ஏற்பதற்குள் லைன் இறங்கிவிட்டால் அது 7ஆம் இன்டரப்டைத் தரும், ஆனால் ஐஎஸ்ஆர் பிட்டை வைக்காது. தலைமைச் சிப்போடு இணைந்த இரண்டாவதான அடிமைச் சிப்பில் இது நடந்தால் 15ஆம் இன்டரப்ட் வரும். அப்போது தலைமைச் சிப்பின் 2ஆம் ஐஎஸ்ஆர் பிட் மட்டும் இருக்கும்.

சோதிக்க வேண்டுமானால், கெஸ்ட் கெர்னலுக்கு எம்எஸ்ஐயை அணைக்கும் பூட் விருப்பத்தைக் கொடுங்கள். எம்எஸ்ஐ லைன்களையும் ஐஓ ஏபிக்கையும் தாண்டி நேராக லோக்கல் ஏபிக்குக்குப் போகும் எட்ஜ் செய்தி. அது இயங்கிக்கொண்டிருந்தால் உங்கள் லெவல் பிழைகள் மறைந்தே இருக்கும். லினக்ஸின் மெய்நிகர் கணினி வசதியான கேவிஎம்மைச் சோதிக்கும் கேவிஎம் யூனிட் டெஸ்ட்ஸ் தொகுப்பில் ஏபிக்குக்கும் ஐஓ ஏபிக்குக்கும் தனித்தனிச் சோதனைகள் உண்டு. ஐஓ ஏபிக் சோதனைக்கு லைனை ஏற்றி இறக்கும் சிறு சோதனை டிவைஸ் ஒன்று தேவைப்படும், அதை எழுதிக்கொள்வது கடினமல்ல. லைன், ரிமோட் ஐஆர்ஆர், ஐஆர்ஆர், ஐஎஸ்ஆர் ஆகியவற்றின் ஒவ்வொரு மாற்றத்தையும் நினைவகத்தில் ஒரு வட்டப் பட்டியலில் குறித்துவாருங்கள். திரையில் அச்சிட்டால் நேரங்கள் மாறி, பிழையே காணாமல் போகும். அடுத்த முறை டிஸ்க் உறைந்ததும் அந்தப் பட்டியலின் கடைசி ஐம்பது வரிகளைப் படியுங்கள். லைன் உயர்ந்தபடி இருக்க, ரிமோட் ஐஆர்ஆர் 0 என்று நின்றால் திரும்பப் பார்க்கத் தவறிய இடம் இன்னும் ஒன்று இருக்கிறது. ரிமோட் ஐஆர்ஆர் 1 என்றே நின்று, ஐஆர்ஆரிலும் ஐஎஸ்ஆரிலும் அந்த வெக்டர் இல்லாவிட்டால் ஈஓஐ வழியில் தேடுங்கள்.