வேலையில்லாத பகல் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

வணக்கம். 2023-இல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். கேம்பஸில் எதுவும் அமையவில்லை. ஒரு வருடம் குரூப் 4-க்குப் படித்தேன், கட்-ஆஃப் எட்டவில்லை. சென்னையில் ஒரு நிறுவனம், 70,000 ரூபாய் கட்டினால் மூன்று மாதம் கோர்ஸ் நடத்தி வேலையும் வாங்கித் தருவதாகச் சொல்கிறது. அப்பா நகையை அடகு வைத்துக் கட்டுகிறேன் என்கிறார். கட்டலாமா, மறுபடி குரூப் 4-க்கே உட்காரட்டுமா? இரவு மூன்று மணி வரை தூக்கம் வருவதில்லை. சொந்தக்காரர் விசேஷங்களுக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன்.

ம., வேடசந்தூர்

அன்புள்ள ம,

பணம் கட்டாதீர்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று முதலில் உங்களிடம் காசு கேட்கிறவனை நம்பி வீட்டு நகை வெளியே போகக்கூடாது. அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். குரூப் 4 உங்கள் விருப்பம். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான அந்தத் தேர்வை 2024-இல் 15 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் எழுதினார்கள். அதைத் தெரிந்துகொண்டு எழுதுங்கள், அவ்வளவுதான்.

இரவு மூன்று மணி என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் கடந்துபோக முடியவில்லை. காலையில் எத்தனை மணிக்கு எழுகிறீர்கள் என்று எழுதவில்லை. எழுதாமலே தெரிகிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் அண்ணன் பி.எஸ்ஸி. வேதியியல் முடித்துவிட்டு வீட்டில் இருந்தான். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் போதும், பேப்பரை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குவதுபோலப் படுத்துவிடுவான். கரண்ட் பில் கட்டிவிட்டு வா என்றால் மூன்று நாள் இழுப்பான். படிக்கிற காலத்தில் விடியற்காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு ஓடிப்போய் டவுன் பஸ்ஸைப் பிடித்தவன் அவன். பகல் முழுக்கச் சும்மா கிடைத்ததும் ஒரு வேலைக்கும் அவனுக்கு நேரம் இல்லாமல் போய்விட்டது.

இது அவனுடைய குணக்கேடு என்றுதான் அப்பா கடைசிவரை நம்பினார். ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊரைப் பற்றி அவர் படித்திருக்க வேண்டும். உங்கள் பக்கத்து ஊர்களைப் போல மில்லை நம்பி வாழ்ந்த ஊர். 1930 வாக்கில் மில் மூடியது. மாரி யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகிய சமூக ஆய்வாளர்கள் அங்கே போய் ஆராய்ந்து 1933-இல் எழுதினார்கள். கையில் கடிகாரத்தோடு தெருவில் போகிறவர்களைக் கவனித்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். நூலகக் கட்டணத்தை ரத்து செய்த பிறகும் புத்தகம் எடுப்பது குறைந்தது. காலை முழுக்க என்ன செய்தீர்கள் என்று கேட்டால் ஆண்களால் சொல்ல முடியவில்லை. பெண்களுக்கும் மில் கூலி போயிற்று. ஆனால் அடுப்பும் பிள்ளைகளும் இருந்ததால் அவர்களுடைய நாள் குலையவில்லை. வேலை என்பது சம்பளத்தோடு நாளுக்கு ஒரு வரிசையையும் வீட்டுக்கு வெளியே மனிதர்களையும் தருகிறது என்று யஹோடா பின்னாலும் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆகவே உங்களை நீங்களே சோம்பேறி என்று திட்டிக்கொள்ள வேண்டாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2024 அறிக்கைப்படி, 2022-இல் இந்தியாவின் பட்டதாரி இளைஞர்களில் வேலையின்மை 29.1 சதவீதம், எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களில் 3.4. நான்கு வருடம் ஃபீஸ் வாங்கிக்கொண்டு, கடைசியில் பையனுக்குத் திறன் போதவில்லை என்று கைகழுவுகிற கல்லூரிகளை யாரும் கேட்பதில்லை.

ஆனால் விசேஷங்களுக்குப் போகாமல் இருப்பதற்கு உங்களைத் திட்டத்தான் வேண்டும். மாமா கேட்பார்தான். கேட்கட்டுமே! "தேடிக்கிட்டு இருக்கேன் மாமா" என்று சொல்லிவிட்டு சாம்பார் வாளியைத் தூக்குங்கள். ஒரு கல்யாணப் பந்தியில் அண்ணன் பரிமாறிக்கொண்டிருந்தபோதுதான் உரக்கடைக்காரர் ஒருவர், "பில் போட வர்றியா தம்பி?" என்று கேட்டார். பி.எஸ்ஸி. படித்தவன் யூரியா மூட்டைக்கு ரசீது எழுதுவதா என்று அப்பா ஒரு வாரம் பேசவில்லை. சம்பளமும் சொற்பம். ஆனால் எட்டு மணிக்கெல்லாம் குளித்துத் தலைசீவி நின்றான். இரவில் தூங்கினான். பேப்பரில் வந்த விளம்பரங்களுக்கு மறுபடி விண்ணப்பம் போட்டதும் அந்தக் கடை மேசையில் இருந்துதான். பின்னால் ஒரு சர்க்கரை ஆலை ஆய்வகத்தில் சேர்ந்தான்.

உங்களுக்கு அதைவிட நல்ல வழி இருக்கிறது. பட்டம் வாங்கி ஐந்து ஆண்டுக்குள் இருப்பவர்கள், நிறுவனத்திலேயே உதவித்தொகையோடு வேலை பழகும் அப்ரண்டீஸ் பயிற்சிக்குப் போகலாம். தென்மண்டலத்துக்கான பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது. அதற்கான நாட்ஸ் (NATS) என்ற அரசு இணையதளத்தில் பதிய ஒரு பைசா வேண்டாம். பட்டதாரிக்கு உதவித்தொகை குறைந்தது மாதம் 9,000 ரூபாய் என்று 2019 விதிகளில் வைத்தார்கள். நீங்கள் முடித்தது 2023. ஐந்து ஆண்டு முடியக் காத்திருக்காதீர்கள். வேடசந்தூரைச் சுற்றி இத்தனை நூற்பாலைகள் இருக்கின்றன. சான்றிதழ் நகலோடு நேரில் போய் மெயின்டனன்ஸ் பொறுப்பாளரைப் பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். வாட்ச்மேன் விரட்டினால் அடுத்த மில்லுக்குப் போங்கள்.

தூக்கம் இப்படியே தொடர்ந்தால் 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை தம்பி. எந்த மில்லில் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

அன்புடன்,
அக்கா