வீட்டைச் சுற்றியுள்ள தெருக்களிலேயே பருந்து, வைரி, ஆந்தை போன்ற வேட்டைப் பறவைகளைப் பார்க்க முடியுமா?

காட்டுக்கோ மலைக்கோ செல்லாமல், குடியிருக்கும் பகுதியிலேயே வேட்டைப் பறவைகளைக் காண முடியுமா, முடியுமென்றால் எப்படித் தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். ஆனால் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி நடந்தால் கழுத்து வலிதான் மிஞ்சும். முதல் சில மாதங்கள் நான் அப்படித்தான் வீணாக்கினேன். வேட்டைப் பறவை எங்கே இருக்கிறது என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவை அதற்கு இரையாகக்கூடிய உயிர்கள். ஆகவே அவற்றின் குரலுக்குக் காது கொடுப்பதே என் அனுபவத்தில் முதல் பாடம்.

காகங்கள் வழக்கமாகக் கரைவதற்கும், ஒரே மரத்தைச் சுற்றி நின்று விடாமல் ஆத்திரத்தோடு கரைவதற்கும் உள்ள வேறுபாடு சில நாட்களிலேயே பிடிபட்டுவிடும். அணில் வாலை உதறி உதறி ஒரே சீராகக் கத்துவதும், அதுவரை இரைச்சலிட்டுக் கொண்டிருந்த சிறு பறவைகள் சட்டென்று அடங்கிப்போவதும் அதே செய்தியைத்தான் சொல்கின்றன. ஒரு நாள் காலை அப்படிக் காகங்கள் சூழ்ந்த மரத்தடியில் வெகுநேரம் நின்றும் என் கண்ணுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. பிறகு சாம்பல் நிறச் சிறு இறகொன்று சுழன்றபடி கீழே இறங்கியது, அடுத்து இன்னொன்று. அவை வந்த வழியே பார்வையை மேலே கொண்டு சென்றபோது, அடிமரத்தை ஒட்டிய கிளையில் புறா அளவுள்ள சிறு வேட்டைப் பறவையான வைரி ஒன்று, பிடித்த பறவையைக் காலடியில் அழுத்திக்கொண்டு இறகுகளைப் பிடுங்கிக் கொண்டிருந்தது. ஒவ்வொரு பிடுங்கலுக்குப் பின்னும் தலையை நிமிர்த்திச் சுற்றிலும் ஒருமுறை நோட்டமிட்டது. ஊர்க்குருவி உயரப் பறந்தாலும் பருந்தாகாது என்பது பழமொழி. ஆனால் பருந்தின் முதுகைக் கொத்தியபடியே அதைத் துரத்திச் செல்லும் கரிச்சானை, அதாவது இரட்டைவால் குருவியைப் பார்த்தவர்கள், பருந்தாக வேண்டிய தேவை அதற்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்வார்கள்.

அடுத்தது இனங்காணல். நம் பேச்சு வழக்கில் பெரியதெல்லாம் கழுகு, மற்றதெல்லாம் பருந்து என்றாகிவிட்டதால் இங்கே குழப்பம் அதிகம். நிறத்தை நம்பாதீர்கள், வெளிச்சத்துக்கு எதிரே பறக்கும் எந்தப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். மேலும் இளம் பறவையின் உடை வேறு, முதிர்ந்ததின் உடை வேறு. முதிர்ந்த வைரியின் மார்பில் குறுக்குக் கோடுகள் இருக்கும். குஞ்சுப் பருவம் தாண்டிய இளம் வைரிக்கோ நெடுக்குவாட்டில் தீற்றல்கள் இருக்கும். உடலின் வெளிவடிவத்தையும் பறக்கும் விதத்தையும் பார்ப்பதே நம்பகமானது. கரும்பருந்தின் வால் நுனி நடுவில் சற்று உள்வாங்கியிருக்கும். திரும்பும்போது அந்த வாலைச் சுக்கான் போல முறுக்கும். வைரிக்குச் சிறகு குட்டை, நுனி உருண்டை, வால் நீளம். சில முறை விரைவாகச் சிறகடித்துப் பிறகு சிறிது தூரம் மிதக்கும். வல்லூறுகள் என்னும் இன்னொரு வகை வேட்டைப் பறவைகளின் சிறகுகள் கூர்மையானவை. அவற்றுள் சில, காற்றை எதிர்த்து ஒரே இடத்தில் சிறகடித்தபடி அந்தரத்தில் நிற்கும். வியப்பு என்னவென்றால், 2008ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வின்படி வல்லூறுகளுக்குப் பருந்தைவிடக் கிளியே நெருங்கிய உறவு.

நேரம் முக்கியம். தரை சூடேறி வெப்பக் காற்று மேலெழும் முற்பகலில்தான் பருந்துகள் சிறகசைக்காமல் வட்டமிடும். வைரிக்கு அதிகாலையும் மாலையும் ஏற்றவை. உயர்ந்த கட்டடங்களும் மாடப்புறாக்களும் உள்ள இடமாக இருந்தால் பொரி வல்லூறும் வரலாம். செங்குத்துப் பாறைகளில் கூடுவைக்கும் அப்பறவைக்கு அடுக்குமாடியும் ஒரு பாறைதான். இரையை நோக்கிப் பாயும்போது அதன் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் என்பதால், கண்ணிமைத்தால் காட்சி முடிந்துவிடும்.

ஆந்தைகளைத் தேடும்போது மட்டும் மேலே பார்க்காமல் கீழே பாருங்கள். பழைய சுவரிலோ மரத்தடியிலோ சுண்ணாம்பு ஊற்றியதைப் போன்ற வெள்ளை எச்சமும், அருகே கட்டைவிரல் அளவிலான கரிய உருண்டைகளும் கிடந்தால் மேலே கூகை என்னும் ஆந்தை ஒன்று பகலில் உறங்கிக்கொண்டிருக்கக்கூடும். எலியை முழுதாக விழுங்கிவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் அது கக்கிய உருண்டைகள் அவை. கையுறை அணிந்து, ஒன்றை நீரில் ஊறவைத்துப் பிரித்தேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய மண்டையோடு ஒன்று, முன்பற்களின் ஆரஞ்சு நிறம் கூட மங்காமல் வெளிவந்தது.

கருவிகள் என்று பார்த்தால், எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டும், 42 மில்லிமீட்டர் முகப்பு வில்லை கொண்ட இருநோக்கி போதும். கூட்டை நெருங்குவதையும், பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதையும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். எலி பாஷாணம் வைப்பதையும்தான். நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் சாகும்.

தவறுகள் நேரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல வாரங்கள் நான் 'வைரி' என்று குறிப்பேட்டில் எழுதி வந்தது ஓர் அக்காக்குயில். நிறம், வால் பட்டைகள், பறக்கும் விதம் எல்லாவற்றிலும் அது வைரியை அப்படியே ஒத்திருக்கும். சிறு பறவைகளே ஏமாந்து அலறும். அலகுதான் அதைக் காட்டிக்கொடுத்தது: இறைச்சியைக் கிழிக்கும் கொக்கி அதில் இல்லை. அன்றிலிருந்து அலகைப் பார்க்காமல் பெயரை எழுதுவதில்லை.