கிரயமா, குத்தகையா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். உங்கள் தளத்தை நான்கைந்து ஆண்டுகளாகப் படிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. இலக்கியக் கேள்வி இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. போன தீபாவளிக்கு அவன் மாமா ஒரு கேம் கன்சோல் வாங்கிக் கொடுத்தார். இப்போது ஒரு கார் ரேஸ் கேம் வேண்டும் என்கிறான். நாலாயிரத்துச் சொச்சம். டிஸ்க்காக வாங்குவதா, டவுன்லோடா என்று வீட்டில் ஒரே பேச்சு. டவுன்லோடில் தள்ளுபடி வருகிறது. டிஸ்க் கீறல் விழுந்துவிடும் என்கிறார் என் மனைவி. இதைப் பற்றித் தேடப்போய், 'தி க்ரூ' என்ற கேமை, அதை விற்ற நிறுவனமே மூடிவிட்டது என்றும், இந்த மாதிரி மூடுவதை எதிர்த்து ஐரோப்பாவில் பத்து லட்சம் பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள் என்றும் படித்தேன். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பத்து வருடம் விளையாடியாகிவிட்டது, இன்னும் என்ன வேண்டும்? தியேட்டரை இடித்துவிட்டால் அங்கே படம் பார்த்தவன் கேஸ் போடுவானா?

சின்ன வயதில் அண்ணனும் நானும் கேசட் போடும் டிவி கேம் ஒன்று வைத்திருந்தோம். அம்மா வீட்டுப் பரணில் கிடக்கிறது. அடுத்த மாதம் வெள்ளையடிக்கும்போது தூக்கிப் போடச் சொல்லியிருக்கிறேன். அதற்கெல்லாம் யார் கையெழுத்து வாங்குகிறார்கள்?

இந்த விளையாட்டுகள் பிள்ளைகளின் வாசிப்பைக் கெடுக்கின்றனவா என்றும் சொன்னால் நல்லது.

அன்புடன்,
ர., திருப்பூர்

---

அன்புள்ள ர.,

பரணில் கிடப்பதைத் தூக்கிப் போடாதீர்கள். இதைப் படித்து முடிக்கும் முன்பே அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். காரணம் பிறகு சொல்கிறேன்.

வாசிப்பைப் பற்றிப் பலமுறை எழுதிவிட்டேன். நீங்கள் படிக்கிற ஆளாக இருந்தால் உங்கள் பையனும் ஒருநாள் படிப்பான். கேம் அதற்குக் குறுக்கே நிற்காது. அதை இங்கே விட்டுவிடலாம்.

ஆனால் அந்தக் கையெழுத்துகளைப் பார்த்துச் சிரித்தேன் என்று எழுதினீர்களே, அது எனக்கு வலித்தது. ஏனென்றால் பல மாதங்களாக நான் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். செய்தியை நீங்கள் பாதிதான் படித்திருக்கிறீர்கள்.

'தி க்ரூ' 2014 டிசம்பரில் வந்தது. யுபிசாஃப்ட் என்ற பிரெஞ்சு நிறுவனத்துடையது. அமெரிக்காவையே சுருக்கி ஒரு வரைபடமாக்கி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை காரோட்டிப் போகலாம் என்று வைத்திருந்தார்கள். தனி ஆளாகவே விளையாடக் கூடிய கதையும் அதில் இருந்தது. ஆனால் தனியாக ஓட்டினாலும், நிறுவனத்தின் சர்வரோடு, அதாவது அவர்கள் இடத்தில் ஓடும் கணினியோடு, இணையத் தொடர்பு இருந்தால்தான் கேம் திறக்கும். 2023 டிசம்பரில் விற்பனையை நிறுத்தினார்கள். 2024 மார்ச் 31 அன்று சர்வரை அணைத்தார்கள். அதோடு முடிந்தது. அதற்கப்புறம், வாங்கியவர்களின் கணக்கிலிருந்த உரிமத்தையும் எடுத்துவிட்டார்கள். எல்லோரும் பத்து வருடம் விளையாடியவர்கள் இல்லை. 2014இல் வாங்கியவர் உண்டு, 2020இல் வாங்கியவரும் உண்டு. இருவருக்கும் கதவு ஒரே நாளில்தான் மூடியது.

இதைக் கண்டுதான் ராஸ் ஸ்காட் என்ற யூடியூபர் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்' இயக்கத்தைத் தொடங்கினார். 2025 ஜூலையில் ஐரோப்பியக் கையெழுத்துகள் பத்து லட்சத்தைத் தாண்டின. என்ன கேட்கிறார்கள் தெரியுமா? சர்வரை என்றைக்கும் ஓட்டிக்கொண்டே இருங்கள் என்று யாரும் கேட்கவில்லை. நிறுத்துங்கள், ஆனால் நிறுத்தும்போது எங்கள் கையில் ஓடுகிற நிலையில் விட்டுவிட்டுப் போங்கள் என்கிறார்கள். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்கிற அளவுக்குச் சாதாரணமான கோரிக்கை.

உங்கள் தியேட்டர் உதாரணம் தவறு. சினிமா டிக்கெட்டில் தேதி இருக்கும், காட்சி நேரம் இருக்கும், இருக்கை எண் இருக்கும். மூன்று மணி நேரத்துக்குத்தான் அந்த நாற்காலி உங்களுடையது என்று தெரிந்துதான் காசை நீட்டுகிறீர்கள். கேம் கடையில் பொத்தானில் என்ன எழுதியிருந்தது? 'வாங்கு'. அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான் நான் பேச வேண்டும்.

என் அப்பா பத்திர எழுத்தர். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஒரு திண்ணையில் சாய்வு மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூட விடுமுறையில் நான் அவருக்கு மைக்கூடு எடுத்து வைப்பேன், முத்திரைத்தாள் வாங்கி வருவேன். அவர் எழுதியதையெல்லாம் சத்தமாகப் படிப்பார், நான் நகலோடு சரி பார்க்க வேண்டும். அப்படித்தான் எனக்குத் தமிழே வந்தது என்று சொல்வேன். கிரயப் பத்திரத்தில் ஒரு வரி உண்டு: 'தாங்களே புத்திர பௌத்திர பாரம்பரியமாய் சர்வ சுதந்திர பாத்தியத்துடன் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது.' அந்த வரி வரும்போது அப்பாவின் குரல் கொஞ்சம் கனக்கும். அதுதான் கிரயம். இனி அது உன்னுடையது, உன் பிள்ளையுடையது, பேரனுடையது. விற்கலாம், தானம் கொடுக்கலாம், சும்மா போட்டும் வைக்கலாம். விற்றவன் திரும்பி வந்து வேலியில் கை வைக்க முடியாது.

குத்தகைப் பத்திரம் வேறு. அதில் காலம் இருக்கும். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை. ஒத்தி வேறு. பணம் கொடுத்து நிலத்தை அனுபவிக்கலாம், நிலத்துக்காரன் பணத்தைத் திருப்பும் நாளில் நிலத்தைத் திருப்ப வேண்டும். மூன்றுக்கும் மூன்று சொல், மூன்று பத்திரம். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிக்கும் இந்த மூன்றின் வித்தியாசம் தெரியும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு நாள். வயதான அம்மா ஒருத்தர் வந்தார். கூடவே நிலம் வாங்குகிறவரின் ஆள். பத்திரம் எழுதியாகிவிட்டது. கைநாட்டு வைக்கிற நேரம். அப்பா வழக்கம்போல எல்லாவற்றையும் படித்துவிட்டு, அப்புறம் சாதாரணப் பேச்சில் கேட்டார்: "ஆத்தா, இது கிரயம். நெலம் இனிமே திரும்பி வராது. தெரிஞ்சுதானே வெக்கிறீங்க?" அந்த அம்மா மை தடவிய கட்டைவிரலை அப்படியே தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். "ஒத்தின்னுல்ல சொன்னாக" என்றார். அவ்வளவுதான். அப்பா பேனாவை மூடினார். அந்த அம்மா விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த ஆள் அதற்கப்புறம் எங்கள் திண்ணைக்கு வரவே இல்லை. அவரோடு வர வேண்டிய வேலைகளும் வரவில்லை. அந்த வருடம் பொங்கலுக்கு எங்களுக்குப் புதுத்துணி இல்லை. அம்மா அதற்காக அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அங்கே ஒத்தி என்று வாயால் சொல்லிவிட்டுக் கிரயம் எழுதப் பார்த்தார்கள். இங்கே கிரயம் என்று பொத்தானில் எழுதிவிட்டுக் குத்தகை கொடுக்கிறார்கள். அதுவும் காலம் குறிக்காத குத்தகை! எந்தக் கிராமத்தில் நடக்கும் இது? ஐந்து வருடம் என்று சொல், மூன்று வருடம் என்று சொல். வேண்டும் என்பவன் வாங்குவான், வேண்டாம் என்பவன் போவான். 'நாங்கள் நினைக்கும் வரை' என்பது என்ன காலம்? 'ஒப்புக்கொள்கிறேன்' என்ற கட்டத்தைத் தட்டுகிறோமே, எழுபது பக்கம் இருந்தாலும் எண்பது பக்கம் இருந்தாலும் நாம் வைப்பது கைநாட்டுதான். பக்கத்தில் உட்கார்ந்து படித்துச் சொல்ல ஆள் இல்லாத கைநாட்டு.

'தி க்ரூ' வாங்கிய இருவர் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டார்கள். நீங்கள் வாங்கியது வரையறுக்கப்பட்ட உரிமம்தான், கேமை அல்ல என்பது யுபிசாஃப்டின் வாதங்களில் ஒன்று. சட்டப்படி அந்த வாதம் நிற்கலாம். ஆனால் அதைக் கடை வாசலில் சொல்லாமல் கோர்ட்டு வாசலில் சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

அதே கலிஃபோர்னியாவில் இதற்கு ஒரு சட்டம் வந்துவிட்டது. 2024 செப்டம்பரில் கையெழுத்தாகி, 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. டிஜிட்டல் பொருளை விற்கும்போது, இது உரிமம் மட்டுமே என்று தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் போடக் கூடாது. நிரந்தரமாக இறக்கிவைத்து இணையம் இல்லாமலே பயன்படுத்த முடிகிற பொருளுக்கு மட்டும் விலக்கு. ஒரு சொல்லைக் காப்பாற்ற ஒரு சட்டம்! அப்பா இருந்திருந்தால் அவரை உட்கார வைத்து அதைப் படித்துக் காட்டியிருப்பேன். நடப்புக்கு வருவதற்கு முன்பே, 2024 அக்டோபரில், ஸ்டீம் என்ற இணையக் கேம் கடை பணம் கட்டும் இடத்தில் அப்படி ஒரு வரியைச் சேர்த்தது. நல்லதுதான். ஆனால் அந்த வரியிலும் தேதி இல்லை.

கேம்தானே என்கிறீர்கள். சரி, புத்தகத்துக்கு வருவோம். 2009 ஜூலையில் அமேசான் தன் கிண்டில் கருவிகளிலிருந்து ஆர்வெல்லின் '1984' நாவலை வாங்கியவர்களைக் கேட்காமல் அழித்தது. அதைப் பதிவேற்றி விற்றவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணம் திரும்பியது, நிறுவனத் தலைவர் மன்னிப்பும் கேட்டார். ஆனால் ஒரு பள்ளி மாணவன் பாடத்துக்காக அந்தப் பிரதியில் எழுதிவைத்த குறிப்புகள் பயனற்றுப் போயின. வழக்குப் போட்டான். 2019இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்புத்தகக் கடையை மூடியபோது வாங்கிய புத்தகங்கள் எல்லாமே போயின. பணம் முழுதாகத் திரும்பியது. குறிப்பு எழுதி வைத்திருந்தவர்களுக்குக் கூடுதலாக 25 டாலர் கொடுத்தார்கள். என் புத்தகங்களின் ஓரத்தில் நான் முப்பது வருடமாகப் பென்சிலால் எழுதிவருகிறேன். யாராவது 25 டாலரை நீட்டி அதை அழித்துவிட்டுப் போனால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். நீங்களும் சிரிக்க மாட்டீர்கள்.

'ஓடுகிற நிலையில் விட்டுவிட்டுப் போவது தொழில்நுட்பத்தில் முடியாத காரியம்' என்று சிலர் எழுதுகிறார்கள். முடியும். 'நாக்அவுட் சிட்டி' என்ற கேமைச் செய்த சிறிய நிறுவனம் 2023 ஜூனில் சர்வரை நிறுத்தியபோது, விளையாடுகிறவர்கள் தாங்களே சர்வர் வைத்துக்கொள்ளும்படி ஒரு பதிப்பை வெளியிட்டுவிட்டுத்தான் போனது. யுபிசாஃப்டே 'தி க்ரூ'வின் இரண்டாம் பாகத்தில் இணையம் இல்லாமல் ஆடும் வழியை 2025இல் சேர்த்தது. கையெழுத்துப் போட்டவர்களின் சத்தம் இல்லாமல் அது நடந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. முதல் பாகத்தையும் ரசிகர்கள் விடவில்லை. தாங்களே உழைத்து ஒரு சர்வரை எழுதி, 2025 செப்டம்பரில் அந்தக் கேமை மறுபடி ஓட வைத்துவிட்டார்கள். சம்பளம் இல்லாத வேலை அது. அந்தப் பிள்ளைகளை நினைத்தால் எனக்கு ஏட்டுச்சுவடியைப் படியெடுத்தவர்கள்தான் ஞாபகம் வருகிறார்கள்.

உங்கள் கேள்வி டிஸ்க்கா டவுன்லோடா என்பது. 'தி க்ரூ'வை டிஸ்க்காக வாங்கியவர்களுக்கும் இன்று அது வெறும் வட்டத் தகடுதான். 2025இல் வந்த நிண்டெண்டோ ஸ்விட்ச் 2க்குப் பல கேம்கள் அட்டையாகக் கடையில் கிடைக்கின்றன. ஆனால் சில அட்டைகளில் கேம் இருக்காது, சாவி மட்டும் இருக்கும். கேமை இணையத்திலிருந்துதான் இறக்க வேண்டும். பெட்டியின் முன்பக்கத்திலேயே அது எழுதியிருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். அதனால் நீங்கள் கேட்க வேண்டியது, இந்தக் கேம் இணையம் இல்லாமல் ஓடுமா என்பது. தனியாக விளையாடுவதற்கே நெட் வேண்டும் என்று போட்டிருந்தால், அது குத்தகை என்று பையனிடம் சொல்லிவிட்டு, அந்த மதிப்புக்கு மட்டும் காசு கொடுங்கள். தள்ளுபடியில் எடுங்கள், முழு விலை வேண்டாம். நெட் இல்லாமல் ஓடும் என்றால் டிஸ்க்கே நல்லது. ஆடி முடித்ததும் விற்கலாம், அத்தை பையனுக்குக் கொடுக்கலாம். கீறல் விழாமல் வைத்துக்கொள்ளப் பன்னிரண்டு வயதுப் பையனுக்குச் சொல்லிக் கொடுக்க முடியும். வீட்டில் கணினி இருந்தால் ஜிஓஜி என்ற கடையையும் பாருங்கள். பூட்டு இல்லாத கோப்பாகவே கொடுக்கிறார்கள், பென்டிரைவில் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

பரணுக்கு வருகிறேன். உங்கள் டிவி கேமின் கேசட்டுக்குள் ஒரு சில்லு இருக்கிறது. கேம் முழுவதும் அதற்குள்தான். அது யாரிடமும் அனுமதி கேட்காது. அந்தக் காலத்தில் நம் ஊரில் விற்ற 'பல கேம் ஒரே கேசட்' வகை பெரும்பாலும் உரிமம் இல்லாத நகல்கள், அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கெடுத்துச் சொன்னது. அங்கேயே அப்படி. நம் ஊர்ப் பிள்ளைகள் என்ன விளையாடினார்கள் என்பதற்குச் சாட்சி உங்கள் அம்மா வீட்டுப் பரண் மாதிரி இடங்களில்தான் இருக்கிறது. அதைத்தான் வெள்ளையடிப்பவரிடம் கொடுக்கப் பார்க்கிறீர்கள்.

இறக்கித் துடையுங்கள். கேசட்டை வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் உலோகப் பற்களை அரிக்கும். மருந்துக்கடையில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் கேட்டு வாங்கி, பஞ்சில் நனைத்துத் துடைத்துக் காயவிடுங்கள். மஞ்சள், வெள்ளை பின் வைத்த வயர் உங்கள் புது டிவியில் சேராவிட்டால் அதற்கு ஒரு சின்ன மாற்றுப் பெட்டி கிடைக்கிறது. அண்ணனுடைய கட்டுப்பாட்டுக் கட்டை எது, உங்களுடையது எது என்று பையனிடம் சொல்லுங்கள். எத்தனை கேசட் ஓடியது, எது ஓடவில்லை என்று எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.